மாமியாரின் காப்புரிமை

"மாமியார் மருமகள் சண்டை என்றால் உப்பு கூடிப்போச்சு, உறைப்பு குறைஞ்சுபோச்சு என்றுதான் இருக்க வேண்டுமா?" என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். இல்லை அம்மணி. இந்த வீட்டில் வந்திருப்பது காப்புரிமைச் சண்டை. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, யாரும் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

நேற்று சாப்பாட்டு மேசையில் நடந்தது நினைவிருக்கும். மருமகள் மடிக்கணினியைத் திறந்துவைத்து, தன் குழுவில் இன்றைய ஓட்டெடுப்புக்குப் போகிற நான்காம் பிரிவைக் கடைசியாக ஒருமுறை படித்துக்கொண்டிருந்தாள். தோளுக்குப் பின்னால் நின்று மாமியாரும் படித்தார். "இது என்னோடதாச்சே! இதுக்கு நான் பேட்டன்ட் வாங்கி வெச்சிருக்கேனே" என்றார். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மற்ற இரண்டு பேரும் தூங்கினார்களா என்று கேட்காதீர்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாமியார் ஓய்வுபெற்ற மின்னணு இன்ஜினியர். அவர் மகன் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் காது மந்தம், இரண்டு பக்கமும் மெஷின் போட்டிருக்கிறான். மருமகள் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவள். எந்தக் கம்பெனியின் காது மெஷினும் எந்தப் போனோடும் பேச வேண்டும் என்பதற்காகப் பொது விதிகள் வகுக்கும் குழு ஒன்றில் இருக்கிறாள். விதிகளோடு ஒரு மாதிரி நிரலையும் அந்தக் குழு வெளியிடும். யார் வேண்டுமானாலும் அதை எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஓப்பன் சோர்ஸ் என்கிறார்களே, அது.

அந்த நிரலுக்கு உயிரே நான்காம் பிரிவுதான். இரண்டு காது மெஷினிலும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. என்ன விலை கொடுத்து வாங்கினாலும் ஒன்று கொஞ்சம் முந்தும், மற்றது பிந்தும், பேசுகிற ஒரே சொல் இரண்டு தடவை காதில் விழும். மெதுவான காதை முன்னால் நடக்கவிட்டு, வேகமான காதை அதற்காக நின்று நின்று வரச்சொன்னால் தொல்லை தீர்ந்தது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் இதில் முட்டிமோதிக்கொண்டிருந்த காலத்தில், பள்ளிக்கூடம் விட்டுத் தலைவலியோடு வந்த தன் மகனுக்காக மாமியார் கண்டுபிடித்தது இது. அவர் வேலை பார்த்த கம்பெனி வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதால் காப்புரிமை அவர் பெயரிலேயே இருக்கிறது.

இன்று காலை மேசையில் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

"அத்தை, அன்னிக்கே ஏன் சொல்லல?" என்று மருமகள்தான் ஆரம்பித்தாள்.

"என்னிக்கு?"

"நான் திணறிக்கிட்டு இருந்தேனே. நீங்க வெங்காயம் நறுக்கிக்கிட்டே, 'மெதுவா போறதை முன்னால விடு'ன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். நீயும் கேட்டுக்கிட்ட."

"பேட்டன்ட் வாங்கின விஷயம்னு சொல்லலையே?"

"நீ கேக்கலையே? வெங்காயம் நறுக்கறவளுக்கு யோசனை மரத்துல காய்ச்சுதுன்னு நினைச்சியா?"

மகன் ஒரு கையால் ரொட்டியை எடுத்துக்கொண்டு மறு கையைக் காதருகே கொண்டுபோனான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளத்திடம் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டு நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தான்.

"ஊர் பூரா தெரியற மாதிரி பதிவாகிக் கிடக்கு. ஒரு தடவை தேடிப் பாத்திருக்கலாம்ல?" என்றார் மாமியார்.

"எங்க தொழில்ல யாரும் பேட்டன்ட் படிக்க மாட்டோம் அத்தை. படிக்காதீங்கன்னுதான் சொல்லிக் குடுக்கறாங்க. படிச்சா, தெரிஞ்சே எடுத்தோம்னு கோர்ட்டுல ஆயிடும்."

"நல்லாருக்கு. பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகமே இருண்டுடும்!"

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற நாளில்லை இன்று. அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கூட்டமும் தொடங்கும்போது தலைவர் ஒரு கேள்வி கேட்பார். இன்று பேசப்போகிற விதிக்குக் குறுக்கே வரக்கூடிய காப்புரிமை எதுவும், தன்னுடையதோ அடுத்தவருடையதோ, யாருக்காவது தெரியுமா? தெரிந்தவர் சொல்லியாக வேண்டும். சொன்னால், காப்புரிமைக்காரர் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லோருக்கும் இலவசம் என்று அனுமதி தரலாம், நியாயமான கட்டணம் வாங்கிக்கொண்டு தரலாம், தரவே முடியாது என்றும் சொல்லலாம்.

"நியாயமான கட்டணம்னா நல்லதுதானே?" என்றார் மாமியார்.

"ஒரு கம்பெனிக்குன்னா சரிதான் அத்தை. எத்தனை மெஷின் வித்தோம்னு எண்ணிக் கட்டிடுவாங்க. எங்க புரோகிராமை எவனெவனோ எடுத்துட்டுப் போவான், அவன்கிட்டேர்ந்து இன்னொருத்தன் எடுப்பான். யாரை நிறுத்தி வெச்சு எண்ணறது? முதல் வழியைத் தவிர வேற எதுவா இருந்தாலும் அந்தப் பிரிவு வெளியே போயிடும். ரெண்டு வருஷ வேலை அத்தை."

"அப்போ நீ சொல்லாம இருந்துடேன். நானும் மூச்சு விட மாட்டேன்."

மருமகள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

"நீங்க விட மாட்டீங்க. ஆனா எனக்குத் தெரியுமே" என்றாள். "நான் சொன்னா நீங்க எந்த வழிக்கு..."

"அதை இப்ப கேக்காதே."

மருமகள் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நிலைப்படி தாண்டும்போது வழக்கம்போல் "வரேன் அத்தை" என்றாள். "ம்" என்று பதில் வந்தது. அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள் பாவம்.

சைக்கிள் கடையில் ஒரு சக்கரம் தாங்கியில் சுற்றிக்கொண்டிருந்தது. கோணல் எங்கே என்று மகன் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். வாடிக்கையாளர்கள் உட்காரும் முக்காலியில் வந்து அமர்ந்தார் அம்மா.

"மெஷினைப் போட்டுக்கிட்டியா?"

"போட்டுட்டேன். சொல்லும்மா."

"காலைல ஏன் அணைச்ச?"

"யார் பக்கம் பேசினாலும் எனக்கு ராத்திரி சோறு கிடையாது."

அம்மா அவன் கேட்காமலே கம்பி முறுக்கும் சாவியை எடுத்து நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். ஒரு கம்பியை முறுக்கிவிட்டுச் சக்கரத்தை மறுபடி சுற்றிவிட்டான்.

"உனக்கு என்னதாம்மா வேணும்?"

"போன வாரம் ஒருத்தர் போன் பண்ணார்" என்றார் அம்மா, கேட்டதற்குப் பதில் சொல்லாமல். "அவ குழுவுலதான் இருக்காராம். பேட்டன்டை மொத்தமா விலைக்குக் குடுங்கன்னார். ரொம்ப மரியாதையா பேசினார். நான் ஒரு மேதையாம்."

"மேதையா!"

"சிரிக்காதே. இத்தனை வருஷத்துல நீங்க யாராவது சொன்னீங்களா?"

"வித்துட்டியா?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். இப்ப எதுக்கு இதைத் தேடி வராங்கன்னு பாக்கத்தான் அவ கம்ப்யூட்டரை எட்டிப் பாத்தேன்." அம்மாவின் குரல் தாழ்ந்தது. "பாத்தா அடியில அவ பேரு. 'இது என் சொந்த வேலை, இதைத் தர எனக்கு உரிமை உண்டு'ன்னு எழுதியிருக்கு."

அதுவும் அந்தக் குழுவின் விதிதான். நிரலில் ஒரு வரி மாற்றினாலும் அடியில் இப்படி உறுதி சொல்லிப் பெயர் போட வேண்டும். மருமகள் தினம் நாலு தடவை போடுவாள். தினம் செய்கிற காரியத்தில்தானே கண் அசரும்.

"அவளுக்கு பேட்டன்ட் இருக்கறது தெரியாதும்மா."

"தெரியாது, ஒத்துக்கறேன். யோசனை யாருதுன்னு தெரியும்ல?"

"அதை அவகிட்ட சொல்லேன்."

"கேட்டு வாங்கிப் போட்டுக்கற மாலையாடா அது?"

மகன் சாவியைக் கீழே வைத்தான். அம்மாவுக்குக் கோபமில்லை, மனசு நொந்திருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலேயே பொத்தானை அழுத்தாமல் இருந்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும்.

"கேக்க வேணாம். போய் உக்காந்து பாரு. அந்தக் கூட்டத்துக்கு யார் வேணா வரலாம். பின்னால நாற்காலி போட்டிருப்பாங்க."

"நான் எதுக்கு அங்க?"

"மேதைங்க போற இடம்மா அது."

அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார். ஆனால் எழுந்து போய்விட்டார்.

கூட்ட அறை பெரியது, ஜன்னல் சின்னது. நீள மேசையைச் சுற்றிக் குழுவினர் உட்கார்ந்திருந்தார்கள். மருமகளுக்கு எதிரே கோட்டுக்காரர். வெயிலானாலும் மழையானாலும் கோட்டைக் கழற்றாததால் வந்த பெயர். பெரிய கம்பெனி ஒன்றில் காப்புரிமை விவகாரங்களைப் பார்ப்பவர். நான்காம் பிரிவுக்குப் பதிலாக அவர் கம்பெனி வேறொரு வழி எழுதிக் கொடுத்திருக்கிறது. அதற்கு நியாயமான கட்டணம் உண்டு. அந்த நியாயம் எவ்வளவு என்று இதுவரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

தலைவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேள்வியைப் படித்தார். பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாத குரல். அவர் படிக்கும்போது பாதிப் பேர் போனைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் தண்ணீர் பாட்டிலைத் திறப்பார்கள். யாரும் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை.

மருமகள் கை தூக்கினாள்.

தலைவர் அடுத்த பக்கத்துக்கே போய்விட்டார். பக்கத்திலிருந்தவர் இடித்துக் காட்டியதும் திரும்பி வந்தார்.

"நான்காம் பிரிவுக்கு ஒரு பேட்டன்ட் இருக்கு. நேத்துதான் எனக்குத் தெரியும்" என்றாள் மருமகள்.

"யாருடையது?"

"எங்க மாமியாரோடது."

மேசையில் சிரிப்பு கிளம்பியது. அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றாள். "அந்த யோசனையே அவங்க குடுத்ததுதான். நான் முட்டிக்கிட்டு நின்னப்போ எனக்குச் சொன்னாங்க. வீட்டுப் பேச்சுதானேன்னு எடுத்து எழுதிட்டு, என் சொந்த வேலைன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அது தப்பு. அவங்க அனுமதி தருவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. எதுவானாலும் சரி, அந்த இடத்துல அவங்க பேருதான் முதல்ல வரணும். அந்தப் பிரிவையே தூக்கிப் போட்டாலும் பழைய பதிவுல அதைத் திருத்திட்டுத்தான் தூக்கணும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது, கூடவே மனசு லேசாகவும் ஆகிவிட்டது. இரண்டு வருஷ உழைப்பைத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டு ஒருத்தி நிம்மதியாக இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும். அன்று அவள் இருந்தாள்.

கோட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "எதிர்பாராத செய்தி. எங்களுக்கே அதிர்ச்சியாக இருக்கிறது. காப்புரிமை உள்ள பிரிவை வைத்துக்கொண்டு ஓட்டெடுப்பு நடத்துவது முறையல்ல. எங்கள் மாற்று வழியையே இன்று எடுத்துக்கொள்ளலாம்."

"அதிர்ச்சியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பார்வையாளர் நாற்காலியிலிருந்து மாமியார் எழுந்து நின்றார். எப்போது வந்து உட்கார்ந்தார் என்று மருமகளுக்குத் தெரியாது.

"அந்த மாமியார் நான்தாங்க. இந்தக் குரலை நான் எங்கயோ கேட்டிருக்கேனேன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். போன வாரம் எனக்குப் போன் பண்ணி, பேட்டன்டை விலைக்குக் கேட்டது நீங்கதானே? என்னை மேதைன்னீங்களே?"

எல்லாத் தலையும் கோட்டுக்காரர் பக்கம் திரும்பியது.

"தெரிஞ்சவங்க சொல்லணும்னு அய்யா இப்பத்தான் படிச்சார். என் மருமகளுக்கு நேத்துத் தெரிஞ்சது, இன்னிக்குக் கை தூக்கிட்டா. உங்களுக்குப் போன வாரமே தெரியும். உங்க கை எங்க போச்சு?"

கோட்டுக்காரர் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை வெறுங்கண்ணால் பார்த்தார். "இதற்கு எழுத்தில் விளக்கம் தேவை" என்றார். அன்றுதான் முதல்முறையாக அந்தக் குரலில் ஏற்றம் கேட்டது.

பிறகு தலைவர் மாமியாரை மேசைக்கு அழைத்து, மூன்று வழிகளையும் படித்துக் காட்டினார். மாமியார் தலையாட்டவில்லை.

"மூணும் எனக்குச் சரியா வரல."

மருமகள் நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள்.

"எங்க குடியிருப்புல எங்ககிட்ட மட்டும்தான் நீள ஏணி இருக்கு" என்றார் மாமியார். "யார் கேட்டாலும் குடுப்போம், வாடகை கிடையாது. ஆனா எங்க ஏணியை எடுத்துட்டுப் போனவர், பக்கத்து வீட்டுக்காரர் தன் சுத்தியலைக் கேட்டா வாடகை குடுன்னு நின்னார்னு வைங்க, அவருக்கு மறுபடியும் ஏணி கிடையாது. எனக்கு அந்த மாதிரி வேணும். எல்லாருக்கும் இலவசம். இந்த விதிப்படி மெஷின் செய்யறவங்க மேல தன் பேட்டன்டைக் காட்டி வழக்குப் போடறவங்களுக்கு மட்டும் என் அனுமதி நின்னு போகும்."

"அது முதல் வழிக்குள்ளேயே அடங்கும் அம்மா" என்றார் தலைவர். "அப்படி ஒரு நிபந்தனை சேர்க்க விதியில் இடமிருக்கிறது."

"அப்போ பேனா குடுங்க."

மேசையில் யாரோ கைதட்டினார்கள், பிறகு பலர். மருமகள் கைதட்டவில்லை. கண்ணைத் துடைக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஆனால் அன்றே ஓட்டெடுப்பு நடக்கவில்லை. அனுமதிப் பத்திரத்தை எல்லா உறுப்பினர்களும் படிக்க ஒரு வாரம் தர வேண்டும் என்பது விதி. இன்னொரு விதியையும் தலைவர் சொன்னார். நிரலில் பெயர் வருகிறவர் குழுவில் உறுப்பினராக வேண்டும். உறுப்பினர் என்றால் அவருக்கும் ஒரு ஓட்டு. மாமியார் அந்த இடத்திலேயே சேர்ந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. மாமியார் மருமகளின் மடிக்கணினியை வாங்கித் தன் மடியில் வைத்துப் படித்துக்கொண்டு வந்தார்.

"அத்தை, கட்டணம் கேட்டிருந்தா உங்களுக்கு நிறைய வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

"அப்புறம் ஏன்?"

மாமியார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அத்தனை பேர் நடுவுல என் பேரைச் சொன்னியே. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சும்மா. இன்னும் இருக்கு."

மருமகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படிச் சாய்ந்ததில்லை. மாமியாரும் தோளை நகர்த்தவில்லை. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. இரண்டு நிறுத்தம் அப்படியே போயிற்று.

"கோட்டுக்காரர் பக்கம் எத்தனை ஓட்டு?" என்று கேட்டார் மாமியார்.

"எங்களுக்குச் சமமாத்தான் இருந்துச்சு. இப்போ உங்க ஓட்டைச் சேத்தா நாமதான் ஜெயிப்போம்."

"என் ஓட்டை யார் சேத்தது?"

மருமகள் தலையை நிமிர்த்தினாள். மாமியார் திரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"வேகமான காது மெதுவான காதுக்காகக் காத்திருக்கும்னு எழுதியிருக்க. சரி. மெதுவானதுல பேட்டரி தீர்ந்து போச்சுன்னா?"

"இது..." என்று ஆரம்பித்தாள் மருமகள். படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"வராத காதுக்காக இந்தக் காதும் காத்துக்கிட்டே நிக்கும். ரெண்டு காதும் ஒண்ணா செத்துப்போயிடும். நடுரோட்டுல சைக்கிள்ல போயிட்டிருக்கிற என் புள்ளைக்கு ஒரு ஹாரன் சத்தமும் கேக்காது." மாமியார் மடிக்கணினியை மூடி அவள் கையில் கொடுத்தார். "ஒரு வாரம் இருக்கு, சரி பண்ணு. பண்ணலைன்னா முதல் ஆளா எதிர்த்துக் கை தூக்கப்போறது நான்தான்."